கிறிஸ்தோபரைச் சுற்றிப் பன்னிரண்டு பல்புகள்

எரியவே எரியாத விளக்கைக் கொண்டுவாருங்கள், அரை மணி நேரத்தில் சரிசெய்து தருகிறேன். ஒரு சமயம் எரிந்து ஒரு சமயம் எரியாமல் கண்ணாமூச்சி காட்டுகிற விளக்கைக் கொண்டுவந்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரோட்டில் ஆட்டம் காட்டும். என் பட்டறை வாசலில் வந்து நின்றதும் பாதிரியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி சாதுவாகிவிடும். நானா, நான் எப்போதும் எரிகிறேனே என்று பல்லைக் காட்டும். எல் மெஸ்கிதே என்கிற எங்கள் ஊரில் இருபத்தெட்டு வருஷமாக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறேன். இந்த மாதிரிக் கோளாறை நான் திட்டாத திட்டில்லை. ஆனால் இந்த நவம்பரில் ஃபெர்மின் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

வண்டி எண்பத்தாறாம் வருஷத்து வண்டி. எல்லைக்கு அந்தப் பக்கம் டாலர் கூலிக்கு ஏழு வருஷம் தக்காளி பறித்துவிட்டு ஃபெர்மின் ஊர் திரும்பியபோது ஓட்டிக்கொண்டு வந்தது. நிறம் நீலம் என்று காகிதத்தில் எழுதியிருக்கும், காகிதத்தில் மட்டும்தான். பின்கதவின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு அது கிடையாது. அதைப் பார்க்காத மாதிரி நான் பார்த்தேன்.

ஃபெர்மின் ஓட்டிக்கொண்டு வந்தான். அவனுடைய மருமகள் யெசேனியா பக்கத்து சீட்டில் உட்காரவில்லை. ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால், மூட்டை ஏற்றுகிற இடத்தில் உட்கார்ந்து வந்தாள். நான் ஓடிப்போய்க் கைகொடுத்து இறக்கினேன்.

"என்ன கொம்பாத்ரே, பிள்ளைத்தாச்சியைப் போய்ப் பின்னாடி உக்கார வச்சு..."

"நானா வச்சேன்? அவளாத்தான் ஏறி உக்காந்தா. கூப்பிட்டா வந்தாத்தானே?"

ஃபெர்மினும் நானும் ஒன்றாகக் கழுதை மேய்த்தவர்கள். அவன் மகன் நபோருக்கு நான் ஞானத்தகப்பனாக நின்றேன். எங்கள் பக்கத்தில் அப்படி நின்றவனும் பிள்ளையைப் பெற்றவனும் அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே. அதுவரை 'டா' போட்ட வாய் அன்று முதல் 'நீங்க' என்று மாறிவிட வேண்டும். முதல் ஒரு வாரம் சிரிப்பாக வந்தது. பிறகு பழகிவிட்டது. இருபத்து மூன்று வருஷம் பழகிய பிறகு, அந்த நபோரைத்தான் அக்டோபரில் புதைத்தோம்.

அவரைப்பயறு அறுவடை நேரம். ஃபெர்மின் பிக்கப்பில் கூரை உயரத்துக்குப் பயறு மூட்டை அடுக்கிக்கொண்டு வயலிலிருந்து வந்துகொண்டிருந்தான். பின்னால் மோட்டார் சைக்கிளில் நபோர். மண் ரோடு, ஒரே புழுதி. ஓடைப் பள்ளத்தில் வெள்ளாட்டுக் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. ஃபெர்மின் பிரேக் அடித்தான். நபோர் நேராக வந்து பின்கதவில் மோதினான். அவ்வளவுதான். அவன் சட்டைப்பையில் இருந்த போனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதில் எடுக்காமல் விட்ட அழைப்பு ஒன்று, நாலு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு, கிட்டத்தட்ட அவன் மோதிய நேரத்துக்கு, யெசேனியாவிடமிருந்து. வரும்போது எலுமிச்சை ஐஸ் வாங்கிவரச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வருகிற ஆசை, வேறென்ன.

அந்த ஐஸைத்தான் ஒப்துலியா பிடித்துக்கொண்டாள். ஒப்துலியா என்றால் ஃபெர்மினின் மனைவி, எனக்குக் கொமாத்ரே. போன் அடித்தது, பையன் குனிந்து பையைப் பார்த்தான், வண்டி நின்றது தெரியவில்லை, என் மகனை ஐஸுக்காகக் கொன்றுவிட்டாள் என்று சவப்பெட்டிக்கு முன்னாலேயே சொன்னாள். ஒன்பது நாள் ஜெபமாலையிலும் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நவம்பர் தொடக்கத்தில், இறந்தவர்கள் தங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவதாக நாங்கள் நம்புகிற நாளன்று, நபோர் படத்துக்கு முன்னால் பூவும் ரொட்டியும் அவனுக்குப் பிடித்த பன்றிக்கறிச் சோளக் கஞ்சியும் வைத்தாள். அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றக்கூட யெசேனியாவை விடவில்லை. ஊரும் அதையே பேசியது. ஊருக்குக் கதை தேவை, கதையில் ஒரு பெண் இருந்தால் இன்னும் ருசி.

"இந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க கொம்பாத்ரே," என்றான் ஃபெர்மின். "என் வண்டி பிரேக் லைட் எரியுதுன்னு உங்க வாயால சொல்லுங்க. பதினஞ்சு நாளா என் உசிர எடுக்குறா."

"எரியுதுன்னு சொல்லச் சொல்லல, பத்ரினோ. பாத்துட்டுச் சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்." நபோர் என்னைக் கூப்பிட்ட மாதிரியேதான் அவளும் என்னை பத்ரினோ, ஞானத்தகப்பன், என்பாள். "நபோர் என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கான். அப்பா வண்டி பின்னாடி போகவே பயமா இருக்கு, பிரேக் அடிச்சா சில நேரம் லைட்டே வரமாட்டேங்குதுன்னு. மாமாகிட்டயும் சொன்னான். இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

"சொன்னான். மூணு தடவை சொன்னான். நான் இல்லைங்கலையே. மூணு தடவையும் நான் என்ன சொன்னேன்? டேய், கண்ணாடியில கிறிஸ்தோபர் எரியறாரு, அப்புறம் பின்னாடி எப்படிடா எரியாம போகும்னு சொன்னேன். அன்னைக்கும் எரிஞ்சாரு. ஆடு குறுக்க வந்துச்சு, அமுக்கினேன், கண்ணாடியில பாத்தேன், எரிஞ்சாரு. எங்க வேணாலும் சத்தியம் பண்றேன்."

அந்தக் கிறிஸ்தோபரை வைத்துக்கொடுத்தவன் நான்.

ஓட்டுநர்களின் புனிதர் அவர். ஜூலை இருபத்தைந்தாம் தேதி எங்கள் பக்கத்தில் லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் பலூனும் காகிதப்பூவும் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி கோயிலுக்குப் போகும். பாதிரியார் எல்லாவற்றின் மேலும் தீர்த்தம் தெளிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த ஊர்வலத்துக்கு முதல்நாள் ஃபெர்மின் வந்தான். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கிற கிறிஸ்தோபர் படம் ஒன்றைக் கையில் வைத்திருந்தான். பின்கண்ணாடியின் உள்பக்கம் அதை மாட்டினோம். சுற்றிலும் பன்னிரண்டு சின்னச் சிவப்பு பல்புகள். பிரேக்கை மிதித்தால் புனிதர் பளிச்சென்று எரிய வேண்டும். இங்கே பாதி வண்டிகளில் அப்படித்தான். அதற்குப் பெடலின் ஸ்விட்ச்சிலிருந்து பின்விளக்குகளுக்குப் போகிற ஒயரை வெட்டி, புனிதருக்குப் போகிற ஒயரையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்ற வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால்தான் அந்த முடிச்சு நிற்கும். அன்றைக்கு வாசலில் ஒன்பது வண்டி நின்றது. முறுக்கி, பச்சை டேப்பைச் சுற்றிவிட்டு, அடுத்த வாரம் வாங்க, ஈயம் வச்சுத் தரேன் என்றேன். அடுத்த வாரம் அவனும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? இல்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் ஒரு வசனம் பேசினேன். "இனிமே இறங்கிப் போய்ப் பின்னாடி பாக்க வேண்டியதே இல்ல கொம்பாத்ரே. கண்ணாடியில கிறிஸ்தோபர் எரிஞ்சா பின்னாடி லைட்டும் எரியுதுன்னு அர்த்தம். அவரைவிட நல்ல சாட்சி உங்களுக்கு எங்க கிடைக்கும்?" ஃபெர்மின் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த வசனத்தைத்தான் இப்போது என் முற்றத்தில் நின்று எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சோதித்தோம். ஃபெர்மின் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தான். யெசேனியா வண்டிக்குப் பின்னால் நின்றாள்.

"எரியுதா?"

"எரியுது."

"இப்ப?"

"எரியுது."

இருபது தடவை. ஒவ்வொரு 'எரியுது'வுக்கும் அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. ஒரு தடவையாவது எரியாமல் போகாதா என்று அவள் வேண்டிக்கொள்வது எனக்குக் கேட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. பல்பைக் கழற்றிப் பார்த்தேன், ஹோல்டரைச் சுரண்டினேன், எர்த் ஒயரின் போல்ட்டை முறுக்கினேன், வண்டியைப் பிடித்து உலுக்கினேன். டாஷ்போர்டுக்கு அடியில் மட்டும் கைவிடவில்லை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

"பாத்தியாம்மா?" என்றான் ஃபெர்மின். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான்.

"வண்டியை விட்டுட்டுப் போங்க," என்றேன். "நின்ன இடத்துல எல்லா வண்டியும் ஒழுங்காத்தான் இருக்கும். நாளைக்கு ரோட்டுல ஓட்டிப் பாத்துச் சொல்றேன்."

யெசேனியா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மூன்று வாரத்தில் அவளுக்காக ஒருவன் செய்த முதல் காரியம் அதுதான் என்பது போலப் பார்த்தாள்.

மறுநாள் காலை இடதுபக்கப் பின்விளக்கிலிருந்து ஒரு நீள ஒயர் இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, அதன் நுனியில் என் டெஸ்ட் லேம்ப்பை மாட்டி டாஷ்போர்டின் மேல் ஒட்டவைத்தேன். பின்னால் விளக்குக்கு மின்சாரம் வந்தால் என் மூக்குக்கு முன்னால் இது எரியும். மேலே கண்ணாடியில் கிறிஸ்தோபர் தெரிவார். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பிறகு வயலுக்குப் போகிற மண் ரோட்டில் விட்டேன். துணி துவைக்கிற கல் மாதிரி வரிவரியாகக் கிடக்கிற ரோடு அது. பல் கிடுகிடுக்கும்.

முதல் நாலு கிலோமீட்டர் ஒன்றும் இல்லை. மிதித்தேன், புனிதர் எரிந்தார், டெஸ்ட் லேம்ப் எரிந்தது. விட்டேன், இரண்டும் அணைந்தன. வெயில் ஏறியது. வண்டி சூடாகி, டாஷ்போர்டு கடகடவென்று ஆடத் தொடங்கியது. கல்லறைத் திருப்பத்தைத் தாண்டி மறுபடி மிதித்தேன்.

கண்ணாடியில் பன்னிரண்டு பல்பும் சிவப்பாக எரிந்தன. டெஸ்ட் லேம்ப் இருட்டாக இருந்தது.

காலை எடுக்காமல் அப்படியே மிதித்துக்கொண்டே இருந்தேன். வண்டி ரோட்டின் நடுவில் நின்றுவிட்டது. கிறிஸ்தோபர் எரிந்துகொண்டேயிருந்தார், தோளில் குழந்தையோடு. பின்னால் எதுவும் இல்லை. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தேன். டெஸ்ட் லேம்ப் எரிந்தது. கொஞ்ச தூரம் போய் மிதித்தேன், இருட்டு. ஓடைப் பள்ளம் வருவதற்குள் நாலு தடவை இருட்டு. நாலு தடவையும் புனிதர் ஒழுங்காக எரிந்தார்.

பள்ளத்தின் ஓரத்தில் நபோருக்கு நட்ட சிலுவை இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். தேட வேண்டிய வேலையே இல்லை. என் பச்சை டேப், இரண்டு வருஷத்து வெயிலில் பசை உருகி, நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. புனிதருக்குப் போகிற ஒயர் முறுக்கில் இறுக்கமாக இருந்தது. பின்விளக்குக்குப் போகிற ஒயர் கழன்று, பக்கத்தில் சும்மா சாய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஆடினால் தொடும், ஆடினால் விலகும். விரலால் தள்ளினேன், எரிந்தது. விரலை எடுத்தேன், அணைந்தது.

நபோர் மூன்று தடவை சொன்னது உண்மை. ஃபெர்மின் கண்ணாடியில் பார்த்ததும் உண்மை. யெசேனியாவின் போனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பையன் நேராகப் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறான். புழுதிக்குள் ஒரு சிவப்பு வெளிச்சம் வருமென்று பார்த்திருக்கிறான். மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த புனிதர் அவனுக்கு எங்கே தெரியப்போகிறார்?

ஞானஸ்நானத் தொட்டியில் அவன் தலையைத் தாங்கிப் பிடித்த கை இது. ஐந்து நிமிஷ ஈயத்துக்குச் சோம்பேறித்தனப்பட்ட கையும் இதுதான். சிலுவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். யாரோ என் வாயை அடைத்தது மாதிரி சத்தமே வராமல் அழுதேன்.

அப்புறம் நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். டேப்பை உரித்தேன். பேட்டரியில் மாட்டிச் சூடேற்றுகிற ஈயக்கோல் ஒன்று எப்போதும் என் பெட்டியில் இருக்கும். மூன்று ஒயரையும் சுத்தமாகச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். புது டேப் சுற்றினேன், கறுப்பு. பச்சை டேப்பைச் சுருட்டிச் சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள் வீசினேன். பழைய வேலைக்காரன், கோளாறைக் கண்டதும் கை தானாகச் சரிசெய்துவிட்டது என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். பொய். கைக்கு என்ன தெரியும்? நான்தான் செய்தேன். பயத்தில் செய்தேன்.

மூன்று மணிக்கு இருவரும் வந்தார்கள். இந்தத் தடவை யெசேனியா நடந்தே வந்திருந்தாள். முகத்தைக் கழுவி, தலையை வாரி, தேர்வு முடிவு பார்க்க வந்த பெண் மாதிரி இருந்தாள். ஃபெர்மின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் விரல்கள் தொப்பி விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவனும் பயந்துபோய்த்தான் வந்திருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. சொல்ல வேண்டிய வார்த்தைகள் என் நாக்கு நுனியில்தான் இருந்தன.

"லைட்டு நல்லா இருக்கு," என்றேன். "ஒரு கோளாறும் இல்ல."

ஃபெர்மின் மூச்சை விட்டான். யெசேனியா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ரோட்டுல ஓட்டிப் பாத்தீங்களா பத்ரினோ?"

"பாத்தேன்."

"அந்தப் பள்ளம் வரைக்குமா?"

"பள்ளம் வரைக்கும்."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். மாமனாரோடு பதினைந்து நாள் மல்லுக்கு நின்றவள் ஆயிற்றே. சண்டை போட்டிருந்தால் நான் உடைந்து உண்மையைக் கொட்டியிருப்பேன். அவள் என்னை நம்பினாள். இந்த ஊரில் லிப்ராதோ என்கிற நான் பார்த்துச் சொன்னால் மறுபேச்சில்லை, அப்படி ஒரு பெயர் எனக்கு.

"அப்ப நான்தானா," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. "அவன் போனைத்தான் பாத்திருக்கான். அத்தை சொன்னதுதான் நிஜம். ஒரு ஐஸ், பத்ரினோ. ஒரு ஐஸ் தின்னாம இருந்தா செத்தா போயிருப்பேன்?"

ஃபெர்மின் அவள் தோளில் கைவைத்தான். "விடும்மா. யாரும் வேணும்னு பண்றதில்ல." அவ்வளவு நாளில் அவன் அவளிடம் அன்பாகப் பேசியது அன்றுதான். வீட்டுக்குப் போகும்போது அவள் முன்சீட்டில், அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனாள்.

இரண்டு நாள் கழித்து அவள் துணிமணியைக் கட்டிக்கொண்டு ஃப்ரெஸ்னியோவுக்கு, தன் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். போகும்போது ஒப்துலியாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாளாம். ரொட்டிக்கடையில் பேசிக்கொண்டார்கள். "என்ன இருந்தாலும் ஒத்துக்கிட்டாளே," என்றாள் ரொட்டி எடுக்கிற பெண், நல்ல மனசோடு. கையில் எடுத்த ரொட்டியை அப்படியே தட்டில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அவள் எண்ணுக்குப் போன் அடித்தேன். அவள் அம்மா எடுத்தாள். "அவ இப்ப போனைத் தொடறதில்லீங்க," என்றாள். "அடிச்சாலே காதைப் பொத்திக்கறா. நீங்க யாரு, என்ன சொல்லணும்?" என்ன சொல்லணும்? வெட்கங்கெட்டவன், ஒன்றும் இல்லையென்று வைத்துவிட்டேன். இதைப் போனில் சொல்ல முடியாது. அவளைத் திரும்பக் கூட்டிவரக்கூடியவன் ஃபெர்மின் ஒருவன்தான். அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்கு நடந்தேன்.

வெயில் இன்னும் இருந்தது. முற்றத்தில் வண்டி நின்றது. ஃபெர்மின் அதற்குப் பக்கத்தில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். அடுப்படி வாசலில் ஒப்துலியா சோளமாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன் கொம்பாத்ரே."

"என்ன பொய்?"

"லைட் எரியல. ரோட்டுல அமுக்கினேன், கிறிஸ்தோபர் எரிஞ்சாரு, பின்னாடி எரியல. என் கண்ணால பாத்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி நான் போட்டேனே முடிச்சு, அது கழண்டு தொங்கிட்டிருந்துச்சு. அதுக்கு அங்கேயே ஈயம் வச்சு மூடிட்டு வந்துதான் நல்லா இருக்குன்னேன். பையன் போனைப் பாக்கல. அவன் கண்ணு ரோட்டுலதான் இருந்திருக்கு. என்னாலதான் போனான். அந்தப் பொண்ணு பாவம், கொம்பாத்ரே. கூட்டிட்டு வாங்க."

மாவு பிசைகிற சத்தம் நின்றது. ஃபெர்மின் எழுந்து என் பக்கம் வருவான், அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது. அவன் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான்.

"பின்னாடி போய் நில்லுங்க."

நின்றேன். என் முழங்காலுக்கு நேராகப் பின்கதவின் பள்ளம் இருந்தது.

"எரியுதா?"

"இப்ப எரியும் கொம்பாத்ரே. நான்தான் சரி பண்ணிட்டேனே..."

"எரியுதா, இல்லையா?"

"எரியுது."

"இப்ப?"

"எரியுது."

விடாமல் மிதித்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டு விளக்கும் பளிச்சென்று வந்தன. என் ஆயுசிலேயே அப்படிச் சுத்தமாக நான் ஒரு முடிச்சுப் போட்டதில்லை. தாங்க முடியாமல் முன்னால் ஓடி, கதவைத் திறந்து, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். "இருங்க, பிரிச்சுக் காட்டறேன், எப்படி இருந்துச்சுன்னு காட்டறேன்." ஃபெர்மின் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"ஒயரைப் புடுங்கினா எந்த லைட்டுதான் கொம்பாத்ரே எரியும்?"

அந்தப் பச்சை டேப்பாவது கையில் இருந்திருந்தால்.

"அவ அம்மா வந்து உங்ககிட்ட அழுதாளா?" என்றாள் ஒப்துலியா வாசலிலிருந்து. "வயித்துல இருக்கறதைக் காட்டி அழுதிருப்பா. உங்களுக்கும் இளகின மனசு."

"யாரும் அழல கொமாத்ரே. நான் பாத்ததைச் சொல்றேன்."

"பாத்ததை அன்னைக்கே சொன்னீங்களே," என்றான் ஃபெர்மின். "பள்ளம் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், ஒரு கோளாறும் இல்லன்னு. அவ முன்னாடி, என் முன்னாடி. இருபத்தெட்டு வருஷத்துல நீங்க பாத்துச் சொன்னது எப்ப தப்பாயிருக்கு?" அவன் என் மணிக்கட்டை விடவில்லை. "நபோர் உங்க ஞானமகன். அவன் பிள்ளை அப்பன் வீட்டுல வளரணும்னு உங்களுக்கு ஆசை. அதுக்காகப் பழியைத் தூக்கி உங்க தலைல போட்டுக்கறீங்க. இந்தக் காலத்துல யார் செய்வா? ஆனா வேணாம்."

வாய் இப்படிச் சொல்லிற்று. கண் வேறு சொல்லிற்று. நம்பாதவனின் கண் அல்ல அது. இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள் என்று என்னைக் கெஞ்சிய கண். நான் சொல்வது உண்மையென்றால், மகன் மூன்று தடவை வந்து சொன்னபோது மூன்று தடவையும் சிரித்து அனுப்பிய தகப்பன் அவன். அந்த இடத்துக்குப் போக அவனால் முடியவில்லை. நான் அங்கே போகப் பயந்துதானே ஈயம் வைத்தேன். அவனை மட்டும் எந்த முகத்தோடு இழுத்துப்போவது? ஆனாலும் இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். அவன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

"வாங்க, வீட்டுல விடறேன். நடந்து போக வேணாம்."

வேண்டாமென்று சொல்லக்கூடத் தெம்பில்லை. ஏறினேன். எங்கள் ஊரில் தெருவைவிட வேகத்தடை அதிகம். அவன் வீட்டிலிருந்து என் பட்டறைக்குப் போவதற்குள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தான். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் சிவப்பு வந்தது, அவன் தாடையை உயர்த்தி அதைக் காட்டினான்.

"பாருங்க, எரியுது."

கோயில் பக்கத்துத் தடையில், பள்ளிக்கூடத்துத் தடையில், ரொட்டிக்கடைத் தடையில், எல்லா இடத்திலும். குரலில் வெற்றி எல்லாம் இல்லை. மருந்து குடிக்கிற நோயாளி மாதிரி வேளை தவறாமல் சொன்னான். ஆறாவது தடையில் அவன் கன்னம் நனைந்திருந்ததைப் பார்த்தேன். ஏழாவதில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பட்டறை வாசலில் இறக்கிவிட்டான். நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் ஃப்ரெஸ்னியோ போகிறேன். யெசேனியாவிடம் சொல்லத்தான் போகிறேன். அவள் கேட்பாள், அன்னைக்கு நீங்களே பாத்தேன்னு சொன்னீங்களே பத்ரினோ என்று. காட்டுவதற்கு என் கையில் எதுவும் இல்லை. என் சொல் ஒன்றுதான் இருக்கிறது, அதை நானே கெடுத்து வைத்திருக்கிறேன்.

ஃபெர்மின் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். தெருமுனையில் பிரேக் பிடித்தான், வழியில் எதுவும் இல்லை, ஆனாலும் பிடித்தான். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காத்திருந்தான். நான் சொல்வதற்காகத்தான் நிற்கிறான் என்று புரிந்தது. வண்டிக்குப் பின்னால், யெசேனியா நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு விளக்கும் ஒரு குறையில்லாமல் சிவந்து நின்றன.

"எரியுது," என்று கத்தினேன்.